மலையில் இருந்தால் வெட்டில்லை

தாயக் கட்டத்தில் குறுக்குக்கோடு போட்ட வீட்டுக்குப் பல ஊர்களில் மலை என்று பெயர். ஐந்துக்கு ஐந்தாகக் கீறிய கட்டத்தில் நான்கு ஓரங்களின் நடுவிலும் மையத்திலும் இந்தக் கோடு விழும். கட்டை எந்த எண்ணைத் தந்தாலும் மலையில் நிற்கும் காயை எதிராளி வெட்ட முடியாது. மலையை விட்டு ஒரு வீடு நகர்ந்த காய் அடுத்த உருட்டலிலேயே வெட்டுப்படலாம். தாயம் ஆடத் தெரிந்த குழந்தைக்கு இந்த விதியை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

ஆடுபுலி ஆட்டத்தில் இதே எண்ணம் வேறு உருவில் இருக்கிறது. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். அடுத்த புள்ளியில் நிற்கும் ஆட்டைத் தாண்டி வெற்றுப் புள்ளியில் இறங்கினால் புலி அந்த ஆட்டை வெட்டும். ஆட்டுக்குப் பின்னால் அதே கோட்டில் இன்னோர் ஆடு நின்றால் தாண்ட இடமில்லை, வெட்டும் இல்லை. தாயத்தில் காயைக் காப்பது இடம். ஆடுபுலியில் ஆட்டைக் காப்பது துணை. ஆடுகளை எல்லாம் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது என்பதும் விதி. புலிக்கோ முதலிலிருந்தே நகரும் உரிமை உண்டு. வலிமை கூடியவன் விரைந்து நகர்வான், வலிமை குறைந்தவன் நின்று காப்பான் என்ற போர்க்கள உண்மையைச் சில கோடுகளில் அடக்கிய ஆட்டம் அது.

நகர்வு, மறைப்பு ஆகிய இந்த இரண்டையும் கணக்காக எழுதி வைக்கும் முயற்சி ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் அரசருக்குக் காட்டிய போர் விளையாட்டை அவருடைய மகன் திருத்தி 1824-இல் வெளியிட்டார். 1:8000 அளவிலான நிலப்படம், படைகளுக்குச் சிறு கட்டைகள், பகடை, தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர். ஒரு சுற்று என்பது போர்க்களத்தின் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் காலாள் எவ்வளவு தூரம் போவான், குதிரை எவ்வளவு போகும், மேட்டிலும் சேற்றிலும் அது எவ்வளவு குறையும் என்பதற்கெல்லாம் அட்டவணை இருந்தது. 1913-இல் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களுக்கு விதி எழுதியபோது காலாளுக்கு ஓர் அடி, குதிரைக்கு இரண்டடி என்று வரையறுத்தார். 1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய செயின்மெயில் என்ற விதிநூலின் வழியில், 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்டார்கள். ஒருவர் ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் மேசை விளையாட்டுகளின் தலைமுறை அங்கிருந்து தொடங்குகிறது.

அந்த விளையாட்டின் இன்றைய விதிப்படி ஒரு சுற்று ஆறு நொடி. சாதாரண மனிதப் பாத்திரம் அதில் 30 அடி நகரலாம். புதர், சேறு, கற்குவியல் போன்ற கடின நிலத்தில் ஒவ்வோர் அடிக்கும் இரண்டடி செலவாகும். பாதி உடலை மறைக்கும் தாழ்ந்த சுவருக்குப் பின்னால் நிற்பவருக்குக் காப்பெண்ணில் 2 கூடும். அம்பு எய்யும் துளைக்குப் பின்னால் முக்கால் உடல் மறைந்து நிற்பவருக்கு 5 கூடும். முழுவதும் மறைந்தவரை நேராகத் தாக்கவே முடியாது. பகைவனின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து முதுகு காட்டி விலகுபவர் ஓர் இலவச அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். மேசையில் இவை வெறும் எண்கள். இந்த எண்களுக்குப் பின்னால் உண்மையான சுவரும் சேறும் முதுகும் இருந்த ஒரு களம் பெரம்பலூர், அரியலூர் மண்ணில் இருக்கிறது.

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி – சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது என்பது வழங்கிவரும் வரலாறு. நீள்வட்டமான அமைப்பு, அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, செதுக்கிய கருங்கல்லால் மூன்று படிநிலைகளில் எழுந்த மதில்கள். மேல்நிலைக்குக் கோட்டைமேடு என்றும் கீழ்ப்பகுதிக்குப் பேட்டை என்றும் பெயர். அருகில் வாலீஸ்வரர் கோயில் உள்ள வாலிகண்டபுரத்தின் பெயரையே ஆங்கிலேயர் இந்தக் கோட்டைக்கும் சூட்டி, அதையும் உச்சரிக்க வராமல் வால்கொண்டா என்று எழுதினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் ஆவணங்களில் வால்கொண்டா என்று வருவது இந்த வட்டாரமே.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் இந்தக் கோட்டையை விரிவாகவே வருணித்திருக்கிறார். 200 அடி உயரப் பாறை; அதன் அடியைச் சுற்றி ஒரு மதில், உச்சிக்குச் சற்றுக் கீழே ஒன்று, உச்சியில் ஒன்று. பாறையின் கிழக்கே சமநிலத்தில் ஒரு கற்கோட்டை. அதை ஒட்டி மண்சுவர் மட்டுமே காவலாக உள்ள ஊர். பக்கத்தில் வளைந்து செல்லும் ஆற்றுப்படுகை. மண்சுவர், கற்கோட்டை, மூன்று மதில்களுடைய பாறை என்று உள்ளே போகப் போகக் காப்பு ஏறிக்கொண்டே போகும் இந்த அமைப்பில் மண்சுவரைப் பாதி மறைப்பு என்றும், கற்கோட்டையை முக்கால் மறைப்பு என்றும், பாறையின் உச்சியை முழு மறைப்பு என்றும் ஒரு மேசை ஆட்டக்காரர் குறித்துக்கொள்வார். 1751-ஆம் ஆண்டின் போரும் 1752-இன் சரணாகதியும் யார் எந்தச் சுவருக்கு உள்ளே போக முடிந்தது, யாரால் முடியாமல் போனது என்பதைச் சுற்றியே நடந்தன.

அன்றைய பூசல் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கானது. பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிப் ஒரு பக்கம். ஆங்கிலேயர் துணையோடு முகமது அலி மறுபக்கம். முகமது அலி திருச்சிக் கோட்டையில் இருந்தார். அவரைப் பிடிக்கச் சந்தா சாகிப் வடக்கிலிருந்து திருச்சி நோக்கி இறங்கினார். ஆங்கிலேயர் கடலூருக்கு அருகிலுள்ள செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து கேப்டன் ஜின்ஜன்ஸ் என்ற சுவிஸ்காரரின் தலைமையில் ஒரு படையை அனுப்பினார்கள். ஓர்ம் தரும் கணக்குப்படி ஏறத்தாழ 500 ஐரோப்பியர், 100 ஆப்பிரிக்கர், 1,000 சிப்பாய்கள், 8 பீரங்கிகள். படைக்கு உணவும் பொருளும் சேர்க்கும் அதிகாரியாக அதில் ராபர்ட் கிளைவ் இருந்தார். வழியில் விருத்தாசலம் கோயில் அவர்கள் கைக்கு வந்தது. அக்காலத்தில் உயர்ந்த மதில் உள்ள கோயில் எதுவும் கோட்டையாகவே எண்ணப்பட்டது. பிறகு முகமது அலியின் தம்பி அப்துல் வஹாப் கானின் குதிரைப்படையும் காலாட்படையும் வந்து சேர்ந்தன.

இவ்வளவு பேர் இருந்தும் படையின் வேகம் மாட்டின் வேகம்தான். பீரங்கியையும் வெடிமருந்தையும் அரிசி மூட்டையையும் இழுத்தவை காளைகள். அன்றைய துப்பாக்கி நூறு கஜத்துக்கு அப்பால் குறி தப்பும். தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுடுவான். ஆகவே திறந்த வெளியில் நூறு கஜம் நடப்பது உயிர் போகும் நடை. சுவருக்குப் பின்னால் குண்டு நிரப்புபவனுக்கு நேரம் உண்டு. வெளியில் நடந்து வருபவனுக்கு அது இல்லை. ஒரு சுற்றில் நகரவும் வேண்டும் தாக்கவும் வேண்டும் என்ற மேசை ஆட்டத்தின் நெருக்கடி பிறந்தது இங்கேதான்.

இரு படைகளும் கோட்டையின் அருகே முகாமிட்டபோது கோட்டையின் காவல் தலைவரான கில்லேதார் யார் பக்கமும் சாயவில்லை. இரு தரப்புத் தூதரையும் ஏறத்தாழ இரண்டு வாரம் பேச்சிலேயே நிறுத்தி வைத்தார். அவருடைய நிலையில் அதுவே அறிவுள்ள செயல். கதவைத் திறந்துவிட்டால் கோட்டை அவருடையதாக இருக்காது. பொறுமை இழந்த ஜின்ஜன்ஸ் மாலையில் படையைக் கிளப்பினார். மண்சுவரை எளிதாகத் தாண்டி ஊருக்குள் இறங்கிய படை வீடுகளுக்குத் தீ வைத்தது. கற்கோட்டையை நெருங்கியபோது உள்ளிருந்து வந்த சூட்டைத் தாங்க முடியாமல் திரும்பியது. ஊர் எரிந்தது, கோட்டை எரியவில்லை. கோட்டை பிடிபட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இரவில் வீடிழந்தவர்கள் எந்த நவாபின் குடிகளும் அல்ல, இந்த ஊர்க்காரர்கள். போர் நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி அது.

அதுவரை நடுநிலையில் இருந்த கில்லேதாரை அந்தத் தாக்குதல் எதிர்ப்பக்கம் தள்ளியது. அவர் பிரெஞ்சுக்காரரை அழைத்தார். அவர்களும் சந்தா சாகிபின் படையும் ஏறத்தாழ வறண்டிருந்த ஆற்றுப்படுகை வழியாகக் கோட்டையை நோக்கி வந்தார்கள். படுகையின் கரை அவர்களுக்குக் காப்பாக இருந்தது. அந்தப் படை கோட்டையின் பீரங்கி நிழலுக்குள் போவதற்கு முன் ஆங்கிலேயர் குறுக்கே சென்று நிறுத்தியிருக்க வேண்டும். தலைவர்கள் கூடிப் பேசி நேரத்தைக் கழித்தார்கள். முடிவெடுத்துப் படை வெளியில் அணிவகுத்தபோது எதிரிக்குப் பின்னால் கோட்டை இருந்தது. இவர்களுக்குப் பின்னால் வெறும் தரை. மேசை ஆட்டத்தின் மொழியில், ஒரு சுற்றை நகராமல் இழந்தவர்கள் அடுத்த சுற்றில் மறைப்பில்லாமல் நின்றார்கள்.

பீரங்கிச் சூடு தொடங்கியதும் ஐரோப்பிய அணி கலைந்து ஓடியது. ஜின்ஜன்ஸும், டால்டன், கில்பாட்ரிக் என்ற படை அதிகாரிகளும், கிளைவும் தடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. அப்துல் வஹாப் கான் குதிரையில் வந்து, தன் படை இன்னும் களத்தில் நிற்பதைச் சுட்டிக்காட்டி ஓடுபவர்களைக் கடிந்துகொண்டார் என்று ஓர்ம் எழுதுகிறார். ஆப்பிரிக்கர் அணி ஓடவில்லை. அவர்கள் களத்தில் நின்று, பிறகு ஒழுங்கு குலையாமல் பின்வாங்கி, விழுந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் சுமந்துகொண்டு வந்தார்கள். கம்பெனி அந்நாளில் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வாங்கிப் படையில் சேர்ப்பது வழக்கம். சொந்த மண்ணிலிருந்து கடல் கடந்து கொண்டுவரப்பட்ட மனிதர்கள், தங்களுக்கு எந்த லாபமும் இல்லாத ஒரு சண்டையில், பெரம்பலூர்ச் சீமையின் வெட்டவெளியில் காட்டிய உறுதி அது. ஓர்ம் அவர்களில் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. வால்கொண்டாப் போரில் நினைவில் நிறுத்த வேண்டியவர்கள் முதலில் அவர்களே.

இந்த இடத்தில் மேசை விளையாட்டின் விதிகள் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்று ஐரோப்பிய அணியைத் தோற்கடித்தது அச்சம். குண்டுபட்டு விழுந்தவர்களைவிட ஓடியவர்கள் பலர். பழைய போர் விளையாட்டுகளில் அச்சத்துக்கும் எண் இருந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981-ஆம் ஆண்டு அடிப்படை விதிநூலில் எதிரிக் கூட்டத்துக்கு மன உறுதி எண் கொடுத்து, இழப்பு நேரும்போது இரண்டு பகடை உருட்டி நிற்கிறார்களா ஓடுகிறார்களா என்று பார்க்கச் சொன்னார்கள். பிற்காலப் பதிப்புகளில் அது விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளும் விதியாகச் சுருங்கியது. நகர்வுக்கும் மறைப்புக்கும் அடிக்கணக்கில் விதி வைத்துவிட்டு மன உறுதியை விட்டுவிட்ட ஆட்டம், போரின் பாதியைத்தான் காட்டும்.

தோற்ற படை நள்ளிரவில் முகாமைக் கலைத்துத் திருச்சிச் சாலையில் இறங்கியது. பகலில் முதுகு காட்டியிருந்தால் சந்தா சாகிபின் பெருங்குதிரைப்படை துரத்தி வெட்டியிருக்கும். இலவச அடியை இருட்டு தடுத்தது. மறுநாள் மாலை ஏறத்தாழ 25 மைல் தள்ளி ஊட்டத்தூர்க் கணவாயை அடைந்தார்கள். பாடாலூர்ப் பக்கத்துக் குன்றுகளுக்கு இடையிலான அந்தக் குறுகிய வழியில் குதிரைப்படை விரிந்து வர இடமில்லை. எண்ணிக்கையில் மிகுந்த எதிரியை அங்கே சில நாள் தாமதப்படுத்த முடிந்தது. பிறகு கொள்ளிடக் கரை, திருவரங்கம், கடைசியில் திருச்சிக் கோட்டை. வெட்டவெளியிலிருந்து கணவாய், கணவாயிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து மதில் என்று ஒரு காய் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குத் தாவுவது போலவே அந்தப் பின்வாங்கல் நடந்தது. கிளைவ் இதிலிருந்து கற்றது என்ன என்பதை அதே ஆண்டின் பிற்பகுதி காட்டியது. அவர் ஆர்க்காட்டைப் பிடித்து, சிறு படையோடு அதன் இடிந்த மதில்களுக்குள் 50 நாள் முற்றுகையைத் தாங்கினார்.

1752-இல் அதே கோட்டை பிரெஞ்சுக்காரரைக் கைவிட்டது. திருவரங்கத்தில் சிக்கிக்கொண்ட லா என்ற பிரெஞ்சுத் தளபதிக்கு உதவியும் பணமும் பொருளும் கொண்டு தோத்தோய் என்பவர் வடக்கிலிருந்து வந்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் நின்ற கிளைவ் வழியை அடைத்தார். ஊட்டத்தூர்வரை வந்த தோத்தோய் பின்வாங்கி வால்கொண்டாவுக்குத் திரும்பினார். மீண்டும் முன்னே வர முயன்றபோது ஆங்கிலேயர் பக்கம் இருந்த மராட்டியக் குதிரைப்படை விரைந்து சென்று அவரை வழியிலேயே மறித்துத் தாமதப்படுத்தியது. பின்னால் சிப்பாய்களும் ஐரோப்பியரும் வந்து சேர்ந்தார்கள். வேகமானவன் பிடித்து நிறுத்துவான், மெதுவானவன் வந்து முடிப்பான் என்பது பழைய போர்முறை. தோத்தோய் ஊரின் மண்சுவருக்குள் ஒதுங்கினார். அந்தச் சுவர் 1751-இல் போலவே இப்போதும் நிற்கவில்லை. கற்கோட்டைக்குள் போகலாம் என்று பார்த்தால் கில்லேதார் கதவைத் திறக்கவில்லை. அவர் அதற்குள் மறுபக்கத்தோடு பேசி முடித்திருந்தார். ஏறத்தாழ 100 பிரெஞ்சுக்காரரோடும் சில நூறு சிப்பாய்களோடும் தோத்தோய் ஜூன் மாதம் சரணடைந்தார். சில நாட்களில் லாவும் திருவரங்கத்தில் சரணடைந்தார். அதே மாதம் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். சுவரின் உயரத்தையும் கனத்தையும் எந்த விதிநூலும் எண்ணாக்கிவிடும். கதவின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதை நடுவர்தான் முடிவு செய்ய வேண்டும்; வால்கொண்டாவில் அந்த நடுவர் இரண்டு முறையும் கில்லேதார்.

அரியலூர்ப் பக்கம் மறைப்பு என்பது கல் அல்ல, காடு. அரியலூரில் மழவராயர்களும் உடையார்பாளையத்தில் காலாட்கள் தோழ உடையார்களும் பாளையக்காரர்களாக ஆண்டார்கள். இரண்டு பாளையங்களையும் அன்று அடர்ந்த காடு சூழ்ந்திருந்தது. முள்வேலியும் குறுகிய தடங்களும் வெளியாருக்குத் தெரியாத திருப்பங்களும் கொண்ட அந்தக் காட்டுக்குள் பீரங்கி நுழையாது, குதிரை பாயாது, அணிவகுப்பு நிலைக்காது. வெளியிலிருந்து வந்தவனுக்கு ஒவ்வோர் அடியும் இரண்டடியாகும் கடின நிலம் அது. உள்ளூர்க்காரனுக்கு வீட்டுத் தோட்டம். இந்த அறிவு தமிழில் பழையது. திருக்குறளின் அரண் அதிகாரம் நீர், வெற்று நிலம், மலை, காடு நான்கையும் அரணாக எண்ணுகிறது. அவற்றில் வெற்று நிலமும் இருப்பது கவனிக்கத்தக்கது. மதிலுக்கு வெளியே ஒதுங்க மரமும் குடிக்க நீரும் இல்லாத திறந்தவெளி, தாக்க வருபவனிடமிருந்து மறைப்பைப் பறிப்பதால் அதுவும் காப்பு. 1751-இல் ஜின்ஜன்ஸின் படை நின்ற வெளி கோட்டைக்கு அரணாக வேலை செய்தது இப்படித்தான். முற்றுகையிடுவதற்கு உழிஞை என்றும் மதிலைக் காப்பதற்கு நொச்சி என்றும் தனித்தனிப் பெயர் வைத்த இலக்கண மரபும் இதே அனுபவத்தின் மேல் எழுந்தது.

காடும் முடிவில் காக்கவில்லை. 1765-இல் நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து அரியலூரையும் உடையார்பாளையத்தையும் பிடித்தன. காட்டைக் கடக்கப் போதிய ஆளும் காலமும் இருப்பவனுக்குக் கடின நிலம் தாமதம் மட்டுமே, தடை அல்ல.

இந்த மண்ணின் மிகப் பெரிய மறைப்பு, மறைப்புக்காகக் கட்டப்பட்டதல்ல. அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் 11-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பெரிய கோயிலின் சுற்றுமதில், 18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் கோட்டைச் சுவராயிற்று. தென்மேற்கு மூலையில் உள்ள கொத்தளம் அதற்குச் சான்று. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டபோது அந்த மதிலை உடைத்துக் கற்களை எடுத்தார்கள். ஊரார் தடுத்தார்கள், அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை. மதிலின் கற்கள் இன்று கீழணையில் இருக்கின்றன.